பழுதுபார்ப்பதற்கும் ஆயுள் தண்டனை: துப்பாக்கிப் பாட விடியோக்கள் எழுப்பும் கேள்வி

புது தில்லி: வேட்டைத் துப்பாக்கியை எப்படிக் கழற்றுவது, குழலில் படிந்த கரியையும் துருவையும் எப்படி நீக்குவது, இறுகிப்போன விசையை எப்படிச் சரிசெய்வது, விரிசல் விட்ட பின்கட்டையை எப்படி ஒட்டுவது என்று படிப்படியாகக் கற்றுத்தரும் விடியோக்களுக்கு அமெரிக்காவில் தனிச் சந்தையே உண்டு. தச்சு வேலையையும் கடிகாரம் பழுதுபார்ப்பதையும் போல இதையும் ஓய்வுநேரக் கலையாகப் பயில்வோர் அங்கு ஏராளம். ஒருகாலத்தில் விடியோ கேசட்டுகளாக அஞ்சலில் விற்கப்பட்ட அந்தப் பாடங்கள், இன்று கைபேசி வழியாக பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரின் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன.

அமெரிக்காவில் அந்தப் பாடத்தைப் பார்த்துத் தன் துப்பாக்கியைத் தானே பழுதுபார்ப்பவர் எந்த உரிமமும் பெறத் தேவையில்லை. பிறரது துப்பாக்கிகளை வாங்கிப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்தால்தான் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதே வேலையை இந்தியாவில் செய்தால் சட்டம் என்ன சொல்கிறது? இந்தக் கேள்விக்கான விடை, 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்துக்குப் பிறகு பலரைத் திடுக்கிட வைக்கக்கூடியது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, கைமாற்றுவது, உருமாற்றுவது ஆகியவற்றோடு "பழுதுபார்ப்பது", "சோதித்துப் பார்ப்பது" ஆகியவற்றையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. இதை மீறினால் 25-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவின் கீழ் முன்பு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை என்று உயர்த்திவிட்டது.

அதே திருத்தத்தில், உரிமமே இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி ஒன்றை வைத்திருப்பவருக்கான தண்டனை 2 முதல் 5 ஆண்டுகள் வரைதான். அதாவது, கள்ளத்தனமாகத் துப்பாக்கி வைத்திருப்பவரைவிட, உரிமம் பெற்ற ஒருவரின் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் பழுதுபார்த்துக் கொடுத்த கம்மியர் கூடுதல் தண்டனைக்கு உரியவர் ஆகிறார். சட்டம் இயற்றியவர்கள் மனதில் இருந்தவை கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டத்தின் சொற்களில் பட்டறையும் பழுதுபார்ப்பும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூலச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில் "துப்பாக்கி", "வெடிபொருள்", "கைமாற்றம்" போன்ற சொற்களுக்கு வரையறை தரப்பட்டுள்ளது. "பழுதுபார்த்தல்" என்பதற்குத் தரப்படவில்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பது பராமரிப்பு என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். தேய்ந்துபோன ஒரு விற்சுருளை மாற்றினால் அது எதில் சேரும்? பின்கட்டையைத் தன் தோளுக்கு ஏற்ப இழைத்துக்கொள்ளும் போட்டியாளர் பராமரிப்பவரா, பழுதுபார்ப்பவரா? விடியோவில் பாடம் நடத்தும் அமெரிக்கர் இந்தக் கவலை இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறார். அதைப் பார்க்கும் இந்தியருக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று சொல்வார் இல்லை.

பதினோரு நாளில் நிறைவேறிய மசோதா

2019 நவம்பர் 29-இல் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, டிசம்பர் 9-இல் அங்கும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. நிலைக்குழுவின் பரிசீலனைக்கு அது செல்லவில்லை. ஒருவர் எத்தனை துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பதே அப்போது பெரிதும் பேசப்பட்டது. அதுவரை 3 என்று இருந்ததை ஒன்றாகக் குறைப்பதே அரசின் முதல் யோசனை. எதிர்ப்பு எழுந்ததால் 2 என்று முடிவாயிற்று. திருமணங்களில் வானை நோக்கிச் சுடும் வட இந்திய வழக்கத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற புதிய பிரிவும் கவனத்தை ஈர்த்தது. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிக் கழகங்களின் உறுப்பினர்களுக்கு எண்ணிக்கை வரம்பில் விலக்கு தொடர்ந்தது. இந்தச் சந்தடியில் "பழுதுபார்த்தல்" என்ற ஒற்றைச் சொல்லின் மீது ஏறிய சுமை வெளியே தெரியாமல் போயிற்று.

துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல. 1878-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டத்தை வெறுத்த காங்கிரஸ், 1931 கராச்சி தீர்மானத்தில் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சேர்த்திருந்தது. எனினும் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதையே திருத்தமாகக் கொண்டுவந்தபோது சபை ஏற்கவில்லை. நாட்டின் நிலைப்பாடு அன்றே தெளிவாகிவிட்டது. ஆகவே இங்கு எழும் வினா உரிமை பற்றியது அன்று. அரசே உரிமம் கொடுத்து வைத்துக்கொள்ள அனுமதித்த துப்பாக்கியை, அதை வைத்திருப்பவர் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது எப்படி என்பது பற்றியது.

உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் நடப்பில் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும். வங்கி வாயிலில் நிற்கும் காவலரின் இரட்டைக் குழல் துப்பாக்கியும், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் தொங்கும் ஒற்றைக் குழலும், இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிளும் இந்தக் கணக்கில் அடக்கம். பராமரிப்பு இல்லாத பழைய துப்பாக்கி, எதிரே நிற்பவரைவிடச் சுடுபவருக்கே ஆபத்து என்பது கிராமத்து வேட்டைக்காரர்களுக்கும் தெரிந்த செய்தி. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதை உணர்ந்தே, உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று கூறி, ஆயுதங்களைப் பேணும் முறையையும் அந்தப் பாடத்தில் சேர்த்தன. பேணக் கற்றுக்கொள் என்று விதி சொல்கிறது. எதுவரை பேணலாம் என்று சட்டம் சொல்லவில்லை.

டோக்கியோவில் பழுதான துப்பாக்கி

பழுதுபார்க்கும் கைகளின் அருமை விளையாட்டரங்கில்தான் நாட்டுக்குப் புரிந்தது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாயிற்று. அதைச் சீர்செய்வதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. திரும்பி வந்து சுட்டும் அவரால் 575 புள்ளிகளே எடுக்க முடிந்தது. 2 புள்ளிகளில் இறுதிச் சுற்று கைநழுவியது. அதே மனு பாக்கர் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 2 வெண்கலப் பதக்கங்களையும், ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் ஒரு வெண்கலத்தையும் வென்றனர்.

போட்டித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளிலிருந்து வருபவை. முன்னணி வீரர்களுக்குத் தயாரிப்பாளரின் நிபுணர்கள் கிடைப்பார்கள். மாவட்ட அளவில் பயிலும் ஒரு பள்ளி மாணவிக்கு யார் இருக்கிறார்கள்? குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட, அதாவது 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அவர் விடியோவைப் பார்த்து ரப்பர் வளையத்தை மாற்றிக்கொள்ளலாம். அவரே தோட்டா பயன்படுத்தும் ரைஃபிளுக்கு உயர்ந்ததும், அந்தக் கைப்பழக்கம் சட்டத்தின் கண்ணில் வேறு பொருள் பெற்றுவிடுகிறது. இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951-இல் தோன்றியபோது அதை முன்னின்று உருவாக்கியவர் மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மாவலங்கர். நாடாளுமன்றத்தோடு இத்தகைய தொப்புள்கொடி உறவு கொண்ட விளையாட்டின் தேவை, அதே நாடாளுமன்றத்தின் சட்ட வரிகளில் இடம் பெறவில்லை.

முங்கேர் காட்டும் மறுபக்கம்

இதனால் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிடலாம் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். பிகாரின் முங்கேர் நகரம் அதற்குச் சான்று. வங்க நவாப் மீர் காசிம் 1760-களில் தலைநகரை முர்ஷிதாபாதிலிருந்து அங்கு மாற்றி, ஆயுதச் சாலை அமைத்தார். 1764 பக்ஸர் போருடன் நவாபின் அதிகாரம் மறைந்தது. தொழில் மறையவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று கைமாறி, சுதந்திர இந்தியாவில் உரிமம் பெற்ற முப்பதுக்கும் மேற்பட்ட தயாரிப்பு நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் இயங்கும் நிலைக்கு வந்தது. பின்னர் புதிய உரிமங்கள் அருகின. ஆர்டர்கள் குறைந்தன. வேலை இழந்த கைகளில் ஒரு பகுதி கள்ளப் பட்டறைகளுக்குப் போயிற்று. கங்கைக் கரையின் தீவுத் திட்டுகளிலும், பின்னர் பிற மாநிலங்களிலும் போலீஸார் கண்டுபிடித்த பட்டறைகளில் முங்கேர் கைவினைஞர்கள் பிடிபடுவது வாடிக்கையாகிவிட்டது.

2018-இல் நடந்தது இன்னும் கடுமையானது. ஜபல்பூரில் உள்ள ராணுவத்தின் மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து, பயன்பாட்டுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட ஏ.கே.-47 ரைஃபிள்களின் பாகங்கள் வெளியேறி, மீண்டும் பூட்டப்பட்டு, முங்கேருக்கு வந்து சேர்ந்தன. இருபதுக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் மீட்கப்பட்டன. சில கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டன. கைதானவர்களில் ஒருவர் அந்தக் கிடங்கில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. செத்த துப்பாக்கிக்கு உயிர் கொடுப்பதும் ஒருவகைப் பழுதுபார்ப்புதான் என்பதால், அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட முடியாது என்று வாதிடுவோருக்கு இதைவிட வலுவான உதாரணம் கிடையாது. ஆனால் அந்த நபர் எந்த விடியோவையும் பார்த்துத் தொழில் கற்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அரசே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

விடியோக்களைப் பொறுத்தவரை, உலக நாடுகள் ஒரே வழியில் செல்லவில்லை. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாநிலப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு அடுத்த மாதம், துப்பாக்கி தயாரிப்பதைக் கற்றுத்தரும் விடியோக்களுக்கு யூடியூப் நிறுவனம் தடை விதித்தது. 2024 ஜூனில், துப்பாக்கியின் பாதுகாப்பு அமைப்பை அகற்றிக் காட்டும் விடியோக்களும் தடையின் கீழ் வந்தன. பராமரிப்புப் பாடங்களை அந்நிறுவனம் தொடவில்லை. ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022 ஜூலையில் வீட்டில் செய்யப்பட்ட துப்பாக்கியால் கொல்லப்பட்டார். அதன் விளைவாக 2024 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றம், துப்பாக்கி செய்முறையைப் பரப்பிச் சட்டவிரோதமாக அதை வைத்திருக்கத் தூண்டுவதையே குற்றமாக்கியது.

இந்திய ஆயுதச் சட்டத்தில் கற்பிப்பதைக் குற்றமாக்கும் பிரிவு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே இணையப் பதிவுகளை முடக்க அனுமதிக்கிறது. கருத்தைச் சொல்வது வேறு, குற்றத்துக்குத் தூண்டுவது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் பிரித்துக் காட்டியது. துருவை நீக்கக் கற்றுத்தரும் விடியோவை அந்தக் காரணங்களுக்குள் அடக்குவது கடினம். 79-ஆவது பிரிவின் வழியாக அனுப்பப்படும் நோட்டீஸ்களை எதிர்த்த வழக்கை கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்த பிறகு, அதிகாரிகளின் கை ஓங்கியுள்ளது உண்மை. விந்தை என்னவெனில், கற்றுக்கொடுப்பவரைத் தொடச் சட்டம் தயங்குகிறது. கற்றதைச் செய்து பார்ப்பவருக்கோ ஆயுள் தண்டனை வரை காத்திருக்கிறது.

உரிமம் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்து 2023 பிப்ரவரியில் தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கிய உச்ச நீதிமன்றம், இதைத் தடுக்கச் செயல்திட்டம் வகுக்கத் தலைமைச் செயலர்கள் தலைமையில் குழுக்களை அமைக்குமாறு 2024 நவம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கள்ளப் பட்டறைகளைத் தேடும் இந்தக் குழுக்களின் பார்வை, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்கள் மாவட்டத்துக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கின் பக்கமும் திரும்புவது அவசியம். முறையான ஆள் இல்லாத இடத்தில்தான் முறையற்ற ஆளின் கதவு தட்டப்படுகிறது.

கோட்டைத் தெளிவாக்க அரசு மீண்டும் ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பொதுநலன் கருதி ஒரு வகையினருக்கு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 44-ஆவது பிரிவின் கீழ் விதிகளை வகுக்கலாம். உரிமம் பெற்றவர் தன் துப்பாக்கியில் தானே செய்துகொள்ளக்கூடிய வேலைகள் எவை, உரிமம் பெற்ற கம்மியரிடம் கொண்டுசெல்ல வேண்டியவை எவை என்று ஒரு பட்டியல் போதும். அப்படி வகுக்கப்படும் விதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பதால், 2019-இல் கேட்கப்படாத கேள்வியை உறுப்பினர்கள் கேட்பதற்கு அப்போது ஒரு வாய்ப்பு கிடைக்கும்.