ஒரு மார்க்குப் போன கதை

செங்கற்பட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பெண் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டு வந்து, இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். ஐந்து ரதங்களும் பாறையிலிருந்து வெட்டப்பட்டவை என்று சொல்ல வேண்டிய இடத்தில் குழந்தை 'ஹ்யூட்' என்று எழுதிவிட்டாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஹ்யூன்' என்று எழுதி, ஒரு மார்க்கும் குறைத்துவிட்டார்கள். "நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டேன். அன்று முதல் இங்கிலீஷ் நோட்டைத் தொடவே மாட்டேன் என்கிறாள். எது சரி?" என்று கேட்கிறார்.

இரண்டும் சரிதான், அம்மா! முதலில் போய்க் குழந்தையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

'ஹ்யூ' என்றால் கோடரியாலோ உளியாலோ அடித்து வெட்டுவது. மரத்துக்கும் பொருந்தும், கல்லுக்கும் பொருந்தும். நேற்று வெட்டினான் என்பதற்கு 'ஹ்யூட்' ஒன்றுதான். அங்கே 'ஹ்யூன்' போட்டால் தப்பு. வெட்டப்பட்டது என்று சொல்லும் மூன்றாவது உருவத்துக்குத்தான் இரண்டையும் அகராதிகள் ஒப்புக்கொள்கின்றன. கல்லைப் பற்றிப் பேசும்போது 'ஹ்யூன்' காதுக்கு அதிகப் பழக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் இந்தக் குழப்பம்? ஆயிரம் வருஷங்களுக்கு முந்திய இங்கிலீஷில் இந்தச் சொல்லின் இறந்தகாலத்துக்கு 'ட்' என்ற வாலே கிடையாது. பிற்காலத்தில்தான் அந்த வால் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாவது உருவத்தில் மட்டும் பழைய 'ன்' பிடிவாதமாக நின்றுவிட்டது. புது வாலும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது! விதைப்பதைக் குறிக்கும் 'ஸோ', புல் அறுப்பதைக் குறிக்கும் 'மோ' இரண்டின் கதையும் இதேதான். உலர்ந்த புல்லை 'ஹே' என்கிறார்களே, அதுவும் 'ஹ்யூ'வுக்கு உறவு. வெட்டப்பட்டது என்பதுதான் அதன் ஆதிப் பொருள்.

நம் தமிழ் மட்டும் சாதுவா, என்ன? 'வா' என்பது 'வந்தான்' ஆகிறது. 'சா' என்பது 'செத்தான்' ஆகிறது. தமிழ் கற்க வரும் வேற்று நாட்டார் விழிக்க மாட்டார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் சாலையில் புறப்படுங்கள். செங்கற்பட்டைத் தாண்டியதும் வல்லம் வரும். அங்கே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த கோயில் இருக்கிறது. கந்தசேனன் என்பவன் 'செய்வித்த' கோயில் என்கிறது அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு. தான் உளி பிடிக்கவில்லை, பிறரைக் கொண்டு செய்தான் என்பதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள், பாருங்கள்! இங்கிலீஷில் இதற்கு மூன்று நான்கு சொற்கள் வேண்டும்.

அப்படியே மாமல்லபுரம் போய்ச் சேருங்கள். கடற்கரைக் கோயிலை முதலில் காட்டுங்கள். அது ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டியது. அதற்கு 'பில்ட்' என்றுதான் எழுத வேண்டும். அந்தக் கோயிலை 'ஹ்யூன்' என்று எழுதினால்தான் மார்க்குக் குறைக்கலாம்!

பிறகு ரதங்களுக்குப் போங்கள். அவை அடுக்கியவை அல்ல. பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்தவை. தர்மராஜ ரதத்தின் மேல்நிலைகளில் சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. கீழே வரும்போது வேலை முடியாமலே நிற்கிறது. இருந்தும் 1984-ல் யுனெஸ்கோ மாமல்லபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பாதி வேலை பாக்கி என்று யாரும் மார்க்குக் குறைக்கவில்லை.

அந்த இடத்தில் நின்று, "அன்று திட்டியது என் தப்பு, கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். நோட்டுப் புத்தகம் தானாகத் திறக்கும்.