கார் நிக்கோபார் முதல் உங்கள் அடுத்த ரிலீஸ் வரை: மென்பொருளுக்குப் பொறியியல் ஒழுக்கம் ஏன் வேண்டும்?

2023-ல் ஒரு நாள் உங்கள் போன் திடீரென்று அலறியது ஞாபகம் இருக்கிறதா? ஸ்க்ரீனில் ஓர் அவசர எச்சரிக்கை. பதறிப்போய்ப் படித்துப் பார்த்தால், 'இது சோதனைச் செய்தி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை' என்று இருந்தது. தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சேர்ந்து நடத்திய சோதனை அது. பல பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மீம் போட்டுவிட்டுக் கடந்து போனோம்.

ஆனால், அந்த அலறல் ஒரு நல்ல டெஸ்டிங்கின் அடையாளம். உண்மையான ஆபத்து வரும் நாளில்தான் முதல்முறையாக ஒரு சிஸ்டம் ஓட வேண்டும் என்றால், அதை நம்ப முடியாது. இதை இந்தியா மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று, சென்னையிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கார் நிக்கோபார்.

ஐடி வேலைக்கும் ஒரு தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

2004-ல் எங்கே அறுந்தது?

2004 டிசம்பர் 26, காலை 6.29 மணி. சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம். கார் நிக்கோபார் ஏறக்குறைய தட்டையான தீவு. ஏறி நிற்க உயரமான மலை கிடையாது. நிலநடுக்கம் நின்ற சிறிது நேரத்திலேயே கடல் உள்ளே வந்தது. கடலோரக் கிராமங்கள் அழிந்தன. அங்கிருந்த விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தத் தளத்திலிருந்து தகவல் வராமல் இல்லை. தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்பதுதான் தொடர்பு அறுவதற்கு முன் வந்த கடைசிச் செய்தி என்று அப்போதைய விமானப்படைத் தளபதி எஸ்.கிருஷ்ணசுவாமி பின்னர் தெரிவித்தார். காலை 7.30 மணிவாக்கில் சென்னையில் உள்ள விமானப்படைப் பிரிவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தமிழகக் கடற்கரையை அலைகள் தாக்கியதோ 9 மணியை ஒட்டித்தான்.

நடுவில் என்ன நடந்தது? வானிலைத் துறை 8.54 மணிக்கு நிலநடுக்கம் பற்றி ஒரு ஃபேக்ஸ் அனுப்பியது. அது போனது, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் முன்னாள் அமைச்சருக்கு என்று அப்போது வெளியான செய்திகள் சொல்கின்றன. அந்த ஆண்டு மே மாதமே ஆட்சி மாறிவிட்டது. அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலை யாரும் மாற்றவில்லை.

இதை நம்ம மொழியில் சொல்லுங்க பார்ப்போம். சென்சார் வேலை செய்தது, டேட்டா வந்தது. கான்ஃபிக் ஃபைல் மட்டும் பழசு. ஏழு மாதமாக அந்தப் பட்டியலை யாரும் ஒருமுறைகூட சோதித்துப் பார்க்கவில்லை.

அந்த ஃபேக்ஸ் சரியான இடத்துக்குப் போயிருந்தாலும் உயிர்கள் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால், அதற்குப் பிறகு கடற்கரை வரை செய்தியைக் கொண்டுபோக எந்த ஏற்பாடும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். குறை ஒரு தனி மனிதரிடம் இல்லை. முழுச் சங்கிலியையும் யாரும் வடிவமைக்கவே இல்லை என்பதுதான் குறை.

அதன்பிறகு என்ன கட்டினார்கள்?

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. செலவு சுமார் 125 கோடி ரூபாய். நில அதிர்வுமானிகள், கடலடியில் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர அலைமானிகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால், மென்பொருள் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு மூன்று விஷயங்கள்.

ஒன்று, தேவையை எண்ணில் சொன்னார்கள். 'சீக்கிரம் எச்சரிக்க வேண்டும்' என்பது தேவை அல்ல, ஆசை. நிலநடுக்கம் நடந்து சுமார் 10 நிமிடத்துக்குள் முதல் அறிக்கை வெளியாக வேண்டும் என்பதுதான் தேவை. கார் நிக்கோபார் போன்ற இடத்தில் அலை வர அதிக நேரம் ஆகாது என்பதால் வந்த எண் அது.

இரண்டு, அந்த எண்ணிலிருந்துதான் வடிவமைப்பு வந்தது. நிலநடுக்கம் நடந்த பிறகு உட்கார்ந்து அலை எங்கே, எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டால் நேரம் போதாது. அதனால் சாத்தியமான நிலநடுக்கங்களுக்கான கணக்குகளை முன்கூட்டியே போட்டு டேட்டாபேஸில் வைத்திருக்கிறார்கள். நிலநடுக்கம் வந்ததும் பொருத்தமானதை எடுத்தால் போதும்.

மூன்று, தவறுகளுக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்டு விதி எழுதினார்கள். நிலநடுக்க மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதிகளுக்கு, கடல்மட்டத் தகவலுக்குக் காத்திருக்காமல் உடனே எச்சரிக்கை போகும். தொலைவில் இருக்கும் பகுதிகளுக்கு, கடலில் அலை உண்மையிலேயே கிளம்பியிருக்கிறதா என்று கருவிகள் உறுதிசெய்த பிறகுதான் தீவிரம் கூட்டப்படும். அடிக்கடி பொய்யாக அலறும் சிஸ்டத்தை மக்கள் ஒரு கட்டத்தில் கண்டுகொள்ள மாட்டார்கள் இல்லையா? ஆபீஸில் தினமும் நூறு அலர்ட் மெயில் வந்து, எல்லோரும் ஃபில்டர் போட்டு ஒதுக்கிவிடும் கதை உங்களுக்கே தெரியும்.

சுனாமி வராமல் இதை எப்படி டெஸ்ட் பண்ணுவது?

ஐஓவேவ் என்ற பயிற்சிதான் பதில். யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணையத்தின் ஒருங்கிணைப்பில், 2009 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடல் நாடுகள் இதைச் சேர்ந்து நடத்துகின்றன. கற்பனையான ஒரு பெரிய நிலநடுக்கத்தை எடுத்துக்கொண்டு, மையத்திலிருந்து மாநிலம், மாவட்டம் வழியாகக் கடற்கரை கிராமம் வரை செய்தி போகிறதா என்று நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். இது தவிர ஆண்டுக்கு இருமுறை செய்தித்தொடர்புச் சோதனையும் உண்டு. மெயில் போகிறதா, எஸ்எம்எஸ் போகிறதா, ஃபேக்ஸ் சரியான ஆளுக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 2004-ல் அறுந்த கண்ணி அதுதானே.

2020-ல் ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கடலோர ஊர்களுக்கு யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரம் கிடைத்தது. அங்கே சோதிக்கப்பட்டது மென்பொருள் மட்டும் அல்ல. எந்தப் பாதையில் ஓட வேண்டும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா என்பதும் சேர்த்துத்தான். பயனரும் சிஸ்டத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சோதனை பலன் தந்ததா?

2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2.08 மணி. மறுபடியும் சுமத்ரா அருகே நிலநடுக்கம். அளவு 8.6. சென்னையில் அலுவலகங்களை விட்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஹைதராபாத் மையத்தின் முதல் அறிக்கை எட்டு நிமிடத்தில் வெளியானது. உச்சகட்ட எச்சரிக்கை தரப்பட்டது கார் நிக்கோபார் உள்ளிட்ட நிக்கோபார் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழகக் கடற்கரைக்கு அதைவிடக் குறைந்த நிலை எச்சரிக்கைதான். நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நிலநடுக்கம் என்பதால் பெரிய சுனாமி எழவில்லை. சிறிய அலைகளே பதிவாயின. அன்றைக்கே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

எட்டே ஆண்டுகளில் எவ்வளவு மாற்றம் பாருங்கள். அதற்குக் காரணம், எண்ணில் சொல்லப்பட்ட ஒரு தேவையும், அதை மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்த பொறுமையும்தான்.

டெஸ்டிங்கை அரைகுறையாகச் செய்தால்?

2024 ஜூலை 19 நினைவிருக்கும். உலகம் முழுக்க நீல ஸ்க்ரீன். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

காரணத்தை அந்த நிறுவனமே பின்னர் வெளியிட்டது. அப்டேட் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த மென்பொருள் கொடுத்ததோ 20 மட்டும். டெஸ்ட் செய்தபோது 21-வது இடத்தில் 'எது வந்தாலும் சரி' என்ற குறியீட்டை வைத்திருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. கடைசியில், முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். கவனியுங்கள், டெஸ்டிங் நடந்தது. எல்லாம் பச்சையாகவும் காட்டியது. தப்பைத் தேடாத டெஸ்டாக இருந்தது, அவ்வளவுதான்.

1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் வெடித்ததும் இதே வகைதான். ஏரியன் 4-ல் நன்றாக ஓடிய கோடை அப்படியே எடுத்துப் போட்டார்கள். புதிய ராக்கெட் அதைவிட வேகமாகப் பறந்ததில், 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. புதிய பயணப் பாதையின் எண்களைக் கொடுத்து அந்தப் பகுதியைச் சோதித்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும். 'ஏற்கெனவே ஓடுற கோட்தானே' என்ற வாக்கியத்தை அடுத்தமுறை மீட்டிங்கில் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டிங் ஏற்பாடே ஆபத்தாக மாறுவதும் உண்டு. 2018 ஜனவரி 13-ல் ஹவாய் மக்களின் போன்களுக்கு, ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை போனது. பயிற்சியின்போது நடந்த தவறு. பயிற்சிக்கும் நிஜத்துக்கும் ஒரே மாதிரியான உறுதிப்படுத்தும் பெட்டிதான் திரையில் வந்தது. 'அது தவறான எச்சரிக்கை' என்று சொல்ல முன்கூட்டியே தயார் செய்த செய்தியும் இல்லை. திருத்தம் அதே வழியில் போன்களுக்குப் போக 38 நிமிடம் ஆனது. ரோல்பேக் இல்லாத ரிலீஸின் விலை அது.

'நாங்க சுனாமி சிஸ்டமா செய்யுறோம்?'

நியாயமான கேள்வி. ஒரு ஷாப்பிங் ஆப்புக்கு இவ்வளவு தேவையில்லைதான். பட்டனின் நிறம் மாறிப்போனால் யாரும் சாகப்போவதில்லை. எவ்வளவு சோதனை என்பதை, தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆனால், 'சாதாரண' மென்பொருள் என்ற நினைப்பே ஏமாற்றலாம். பிரிட்டனின் அஞ்சல் நிலையங்களில் இருந்த ஹொரைசன் வெறும் கணக்கு மென்பொருள். அது காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலைய நடத்துநர்களைத் திருட்டு, மோசடிக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 2024-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தீர்ப்புகளைக் கூட்டாக ரத்துசெய்ய முடிந்தது. சம்பளம், கடன், ரேஷன், மருத்துவக் காப்பீடு என்று நீங்கள் கை வைக்கும் எந்த மென்பொருளுக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

'நேரம் இல்லை' என்பது அடுத்த பதில். உண்மைதான். டெட்லைனைக் கிளையன்ட் முடிவுசெய்கிறார், ஸ்பிரின்ட் முடியும் நாள் வரை டெவலப்மென்ட் நீள்கிறது, டெஸ்டருக்கு மிஞ்சுவது வெள்ளிக்கிழமை மாலை. பிறகு புரொடக்ஷனில் பக் வந்தால் முதல் கேள்வியும் அவரிடம்தான். இது ஒரு டெஸ்டரின் திறமைக் குறைவு அல்ல. பாலம் கட்டும்போது, சுமைச் சோதனைக்கு நேரம் இல்லை, வண்டியை விட்டுவிடலாம் என்று பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார். 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்கு 'மென்பொருள் பொறியியல்' என்று பெயர் வைத்ததன் நோக்கமே, அந்தப் பொறுப்பு இந்தத் தொழிலுக்கும் வர வேண்டும் என்பதுதான்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

தேவையை எண்ணில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 'வேகமாக' என்றால் எத்தனை விநாடி? எத்தனை பேர் ஒரே நேரத்தில்?

கோட் மட்டும் அல்ல, கான்ஃபிக்கும் தொடர்புப் பட்டியலும் டெஸ்ட் செய்ய வேண்டியவை. இரவு 2 மணிக்கு சர்வர் விழுந்தால் அலர்ட் யாருக்குப் போகும்? அவர் இன்னும் உங்கள் கம்பெனியில்தான் இருக்கிறாரா?

ஓஎம்ஆர் ஆபீஸ் வைஃபையில் மட்டும் சோதிக்காதீர்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல்தான் வந்தது. கார் நிக்கோபாரையும் இணைக்கும் அந்தக் கேபிள் வரும் வரை அங்கே நெட் என்றால் செயற்கைக்கோள்தான். இன்றும் பலவீனமான சிக்னலில் உங்கள் ஆப்பைத் திறக்கிறவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். நெட் பாதியில் அறுந்தால் பணம் இரண்டு முறை போகுமா என்று பார்த்தீர்களா?

எழுதியவர் தவிர இன்னொருவர் சோதிக்கட்டும். முதலில் நூறு பேருக்கு அனுப்பிப் பாருங்கள், பிறகு லட்சம் பேருக்கு. திரும்பப் பெறும் வழியையும் ஒருமுறை நிஜமாகவே ஓட்டிப் பாருங்கள்.

தவறு நடந்தால், 'யார் செய்தது' என்பதோடு நிறுத்தாமல் 'எந்தச் சோதனை இதைப் பிடித்திருக்கும்' என்று கேளுங்கள். அந்தச் சோதனையை அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் கேட்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி. டீம் மீட்டிங்கில் எழுந்து 'இன்னும் டெஸ்ட் முடியலை, ரிலீஸ் வேண்டாம்' என்று சொல்வது இளையவர்களுக்குச் சுலபம் இல்லை. அப்படிச் சொன்னவரைக் கேட்கிற மேனேஜர் இருக்கும் இடத்தில்தான் மற்ற ஒழுக்கம் எல்லாம் நிற்கும். இந்த வாரம் உங்கள் டீமில் யாராவது அப்படிச் சொன்னால், நீங்களும் அவர் பக்கம் பேசுங்கள்.