ஜி.பி.எஸ். பொய்த்தபோது கைகொடுத்த பழைய முறை

புது தில்லி: தில்லி இந்திரா காந்தி விமான நிலையத்தின் 10-ஆம் எண் ஓடுபாதையை நெருங்கிய சில விமானங்களுக்கு, ஜி.பி.எஸ். கருவி தவறான இடத்தைக் காட்டியது. போலி சமிக்ஞைகளே இதற்குக் காரணம். 2025 நவம்பரில் வெளிவந்த இத்தகவலை, மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் கே. ராம்மோகன் நாயுடு டிசம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களவையில் எழுத்துமூலம் உறுதிப்படுத்தினார்.

இதைச் செய்தவர் யார் என்பதிலேயே எல்லோரின் கவனமும் சென்றது. அது இயல்புதான். ஆனால், அப்பதிலில் அதைவிட முக்கியமான வரி ஒன்று உண்டு. வழக்கமான தரைவழிக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதைகளில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை என்பதே அது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து பூமியை அடையும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அருகிலிருந்து சற்று வலுவான போலி சமிக்ஞையை அனுப்பினால், கருவி அதையே நம்பிவிடும். ஆனால் ஐ.எல்.எஸ். எனப்படும் தரையிறங்க உதவும் கருவி ஓடுபாதையின் ஓரத்திலேயே நிற்கிறது, வானத்தைச் சார்ந்திருக்கவில்லை.

எல்லைப் பகுதிகளுக்கு இது புதிய அனுபவமல்ல. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை இத்தகைய 465 குறுக்கீடுகள் பதிவானதாகவும், அவற்றில் பெரும்பாலானவை அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் நிகழ்ந்ததாகவும் மக்களவையில் 2025 மார்ச்சிலேயே அரசு தெரிவித்தது. அப்போது அது பெரிதாகப் பேசப்படவில்லை. தலைநகருக்கு வந்த பிறகே விழிப்பு வந்திருக்கிறது.

தரைவழிக் கருவிகளின் குறைந்தபட்ச வலையமைப்பு பராமரிக்கப்படுவதாக அமைச்சர் கூறுகிறார். குறைந்தபட்சம் என்றால் எவ்வளவு? ஐ.எல்.எஸ். நிறுவவும் பராமரிக்கவும் செலவு அதிகம். அது இல்லாத சிறிய நிலையங்களில் ககன் முறையைக் கொண்டு தரையிறங்கலாம் என்பது பல ஆண்டுகளாக முன்வைக்கப்படும் வாதம். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் அவ்வாறு ஒரு விமானம் தரையிறக்கப்பட்டது சாதனைதான். எனினும், ககன் என்பது ஜி.பி.எஸ். தரும் தகவலைத் திருத்தித் துல்லியமாக்கும் ஏற்பாடு. மூலமே போலியானால் அதனால் பயனில்லை.

சொந்தச் செயற்கைக்கோள்கள் இருந்தால் போதும் என்பது இன்னொரு வாதம். அன்னிய நாட்டை நம்பியிராமல் இருக்க 'நாவிக்' அவசியம். அதில் இரு கருத்து இல்லை. ஆனால் இதுவரை செலுத்தப்பட்ட 11 செயற்கைக்கோள்களில் நான்கு மட்டுமே இருப்பிடம் காட்டும் சேவையை அளிப்பதாக 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. எண்ணிக்கை கூடினாலும் நாவிக் சமிக்ஞையும் விண்வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

வரைபடம் பார்த்து வழி அறியும் பழக்கம் சாலையிலும் குறைந்திருப்பதற்கு அரசுக்கும் பங்கு உண்டு. 1767-இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை தயாரித்த நிலவரைபடங்களில் எல்லை, கடலோரப் பகுதிகளுக்குரியவை நெடுங்காலம் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. 2005-இல் தேசிய வரைபடக் கொள்கை வந்தபோது ஓரளவும், 2021 பிப்ரவரி விதிமுறைகளில் பெருமளவும் தளர்வு கிடைத்தது. அதற்குள் கைப்பேசி நிறுவனங்களின் வரைபடம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்த பாலத்திலிருந்து ராம்கங்கை ஆற்றில் கார் விழுந்து மூவர் இறந்தனர். கைப்பேசி வரைபடம் காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகப் போலீஸார் கூறினர். பாலத்தின் முன் தடுப்பு வைக்காத பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவானது.

விமானிகளின் திறன் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பாவனைப் பயிற்சிக் கருவியில் சோதிக்கப்படுகிறது. அதில் ஜி.பி.எஸ். இல்லாமல் தரையிறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது? ஐ.எல்.எஸ். இல்லாத நிலையங்கள் எத்தனை? மானியக் கோரிக்கை விவாதத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை இவைதாம்.