மணியனைக் காணவில்லை

கியோத்தோ மாநகரின் 11 வார்டுகளில் ஒன்றுக்கு அலுவலகத் தலைவராக இருப்பவர் அவர்களுக்கு,

எந்த வார்டு என்பதையும் தங்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. இதற்கு முன் அனுப்பிய மூன்று மடல்களிலும் அவை இரண்டையும் பிழையில்லாமல் எழுதியிருந்தேன். ஜப்பானிய நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மரியாதைச் சொற்களையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்த மடல்கள் அவை. முதல் மடலுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. மூன்றாவது போன இடம் தெரியவில்லை. 'ஆவன செய்யப்படும்' என்று எழுதித் தரும் தாலுகா ஆபீஸ்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஒரு வரியின் அர்த்தம் அகராதி புரட்டாமலே விளங்கிவிட்டது. ஆகவே நான்காவது மடலைத் தமிழில் எழுதுகிறேன். தங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. முந்தைய மூன்றும் அடைந்த கதியைப் பார்த்தால், அதனால் ஒன்றும் நஷ்டமில்லை.

விதிகள் தங்களுக்குத் தெரியும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் மனைவியோடும் நான்கு மாதக் கைக்குழந்தையோடும் காஞ்சிபுரத்திலிருந்து இங்கே வந்தேன். பழைய துணிகளைப் பற்றிய ஆராய்ச்சி, அதற்கு ஓர் உதவித்தொகை. கான்சாய் விமான நிலையத்திலேயே குடியிருப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ரோமன் எழுத்தில் பெயர், அதில் குறையில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அந்த இனிஷியலை பாஸ்போர்ட்டில் விரித்து எழுதினால் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா வந்து நிற்பார். இங்கேயோ குடும்பப் பெயர் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவது. தங்கள் அலுவலகத்தில் முதல் நாள் எண் சீட்டு வாங்கிக் காத்திருந்தபோது, கவுன்ட்டரில் இருந்த பெண் என் அப்பாவின் பெயரோடு 'சாமா' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டார். அப்பா போய்ப் பதினான்கு வருஷமாகிறது. சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். உயிரோடு இருந்த காலத்தில் எந்த ஆபீஸிலும் அவரை அவ்வளவு பணிவாகக் கூப்பிட்டதில்லை. அதற்காக நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

பெயரை வாசித்துக் காட்டச் சொன்னார் அந்தப் பெண். வாசித்தேன். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகானா எழுத்தில் எழுதினார். அப்பாவின் பெயர் 'வை'யில் தொடங்கும். என் பெயர் 'சிவ' என்று ஆரம்பித்து 'மணியன்' என்று முடியும். நடுவில் இருப்பதை எந்தத் தமிழரும் சொல்லிவிடுவார். கதகானாவில் 'வ'வுக்கென்று பழைய எழுத்து இல்லை. 'உ'வின் தலையில் இரண்டு சிறு கோடு போட்டு, பக்கத்தில் குட்டி 'அ' ஒன்றை ஒட்டவைத்து 'வ' ஆக்குகிறார்கள். அதையே கணினியின் அரை அகல எழுத்தில் அடித்தால் அந்த இரண்டு கோட்டுக்கும் ஒரு தனிக் கட்டம் போகும். ஒரு 'வ'வுக்கு மூன்று கட்டம். அப்பாவும் நானும் நடுவில் ஓர் இடைவெளியுமாகச் சேர்ந்தால் 24 கட்டம். தங்கள் படிவத்தில் இருந்தது 20. வெட்டு விழுந்தபின் நான் 'சிவசுப்ர'. மணியனைக் காணவில்லை.

அடுத்த வாரம் வங்கிக்குப் போனேன். அங்கே இருந்தவர் வயதானவர். பழைய வழக்கப்படி 'வ' வரும் இடத்திலெல்லாம் 'ப' போட்டார். மணியன் தப்பினான், சிவன் சிபன் ஆனான். அப்பா கல்கத்தாக்காரர் போல ஆகிவிட்டார். அன்றைக்கு இதைச் சொல்லி வீட்டில் சிரித்தோம்.

சிரிப்பு ஜூன் வரைக்கும்தான். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மாதம் 15,000 யென் உதவித்தொகை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கில் விழ வேண்டும். விழவில்லை. கணக்கில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை, ஆகவே அனுப்ப இயலவில்லை என்று கடிதம் வந்தது. இரண்டாம் தளத்தில் குழந்தைகள் பிரிவுக்குப் போனேன். வங்கியில் பெயரைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். வங்கியில், இதுதான் சரியான கதகானா என்று வார்டிலிருந்து ஒரு தாள் கேட்டார்கள். திரும்பி வந்தேன். கதகானா எங்கள் உள் வசதிக்காக எழுதிக்கொள்வது, அதற்குச் சான்று தர முடியாது என்றார்கள். அதாவது, எனக்குப் பணம் தராமலிருக்க அந்த எழுத்து போதும். அதுதான் என் பெயர் என்று சொல்ல மட்டும் போதாது. ஏழு முறை நடந்தேன். ஏழு முறையும் எழுந்து நின்று, குனிந்து வணங்கி, லிஃப்ட் கதவு மூடும்வரை தலை நிமிராமல் வழியனுப்பினார்கள். இப்படி மரியாதையாக என்னை யாரும் விரட்டியதில்லை.

அக்டோபரில் ஓர் உறை வந்தது. மருத்துவக் காப்பீட்டுத் தொகை நிலுவை என்று தாக்கீது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அதே பெயர்ப் பிசகால் நின்றுபோயிருக்கிறது. அனுப்பியது முதல் தளத்தில் உள்ள பிரிவு. உறைமேல் 'சிவசுப்ர'. கொன்பினி கடையில் கொண்டுபோய்க் கட்டினேன். பட்டைக்கோட்டில் கருவியைக் காட்டினார்கள், ஒரு 'பீப்', முடிந்தது. மணியன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட பெயர், தீர்த்த கடன், ரசீதில் சிவப்பு முத்திரை.

ஐயா, முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவில் 22 படி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறியவன், எண்ணியிருக்கிறேன். கீழே என்னிடம் வாங்கும்போது நான் யார் என்று தெரிகிறது. 22 படி ஏறினால் தெரியாமல் போய்விடுகிறது.

இன்னொன்று. அந்த உறையில் என் முகவரி ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. கியோத்தோ முகவரி எப்படிப்பட்டது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்; இந்த மடலை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். மாநகராட்சிக் கட்டடத்தின் முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாகாக்யோ வார்டு, தெராமாச்சித் தெரு, ஓயிகே தெரு சந்திப்பிலிருந்து மேலே ஏறி, மேல் ஹொன்னோஜி முன்வாசல் பேட்டை, 488. 'மேலே ஏறி' என்றால் வடக்கே. ஊருக்கு வழி சொல்கிற மாதிரியே ஒரு முகவரி. இந்த நீளத்துக்குத் தங்கள் கணினியில் இடம் இருக்கிறது. நான்கு கட்டம் கூடுதலாகக் கேட்ட ஒரு மனிதனுக்கு இல்லை.

வெளியூர்ச் சரக்கு இந்த ஊருக்குப் புதிதா என்ன? ஜூலையில் கியோன் திருவிழாத் தேர்களை வாய் பிளந்து பார்த்தேன். கன்கோ போக்கோ தேரின் முன்திரை 16ஆம் நூற்றாண்டு பிளெமிஷ் நெசவு, விவிலியக் காட்சி. மினாமி கன்னோன் யாமா தேர்க்காரர்களிடம் 17ஆம் நூற்றாண்டு இந்தியச் சீட்டித் துணி இருக்கிறது. ஏதோ காலத்தில் டச்சுக் கப்பலில் வந்து இறங்கிய கோடு போட்ட பருத்தித் துணிக்கு இங்கே 'சன்தோமே' என்று பேர். எங்கள் மயிலாப்பூர் பக்கத்துச் சாந்தோம்தான் அது. அதை எழுத இரண்டு சீன எழுத்துகளைத் தேடிப் பிடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். எங்கள் கரையிலிருந்து வந்த துணிக்கு அவ்வளவு சிரத்தை. அந்தத் துணியைப் படிக்க வந்தவன் வெட்டுத்துண்டு.

ஊரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பக்கத்து வீட்டுப் பாட்டி காலையில் வாசல் பெருக்கும்போது எங்கள் பக்கத்தில் ஓர் அடி மட்டும் சேர்த்துப் பெருக்குவார். அதற்கு மேல் பெருக்கினால் தலையிடுவதாக ஆகிவிடுமாம். அவர் என்னைக் கூப்பிடுவது 'மணி சான்'. தங்கள் கணினி தூக்கி எறிந்த துண்டைத்தான் அவர் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்டில் ஜிசோ போன் வந்தது, தெருப் பிள்ளைகளுக்கான விழா. பிள்ளைகள் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு காகித விளக்கு, பெண் குழந்தைக்குச் சிவப்பு. விளக்கில் எழுதப் பேர் கேட்டு தெருச் சங்கத்துக் கிழவர் வீட்டுக்கு வந்தார். என் மகளுக்கு ஈரெழுத்துப் பேர்தான். அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பழைய செய்தித்தாளை விரித்து, தூரிகையால் நாலைந்து தரம் எழுதிப் பார்த்தார். இரண்டாம் எழுத்தை நீட்ட வேண்டுமா, குறுக்க வேண்டுமா என்று என் மனைவியைக் கேட்டார். பிறகுதான் விளக்கைத் தொட்டார். அவருக்குச் சம்பளம் யாரும் தருவதில்லை.

2025 மே 26 முதல் தங்கள் நாட்டவர் ஒவ்வொருவரின் பெயரையும் எப்படி வாசிப்பது என்று குடும்பப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். அதுவரை அந்த விவரம் பதிவேட்டில் இல்லையாம். பக்கத்து வீட்டுப் பாட்டி தனக்கு வந்த தபாலைக் காட்டினார். உங்கள் பெயரை இப்படி வாசிப்பதாக வைத்திருக்கிறோம், தப்பென்றால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நீங்கள் கேட்காமலே நான் மூன்று மடலில் எழுதிக் கொடுத்தது அதைத்தானே?

1978இல் இந்த மாநகரம் தன்னை உலகப் பண்பாட்டுச் சுதந்திர நகரம் என்று பறைசாற்றிக்கொண்டது. இனம், மதம், சமூக அமைப்பு பார்க்காமல் மனிதர்கள் கூடும் இடம் என்று. கூடலாம்தான், 20 கட்டத்துக்குள்.

அப்பா காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். கூலி கொடுக்கும் நாளில் பேரேட்டில் உள்ள பேரை உரக்க வாசித்து, சரிதானாப்பா என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். பேர் பிசகியிருந்தால் அங்கேயே அடித்து, மேலே திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்தபிறகு பேர் தப்பு என்று கூலியை நிறுத்தியதாக நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்புப் படித்தவர். அவர் பேரைச் சொல்லித்தான் ஏழு முறை என்னைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினீர்கள்.

மே முதல் நவம்பர் வரை ஏழு மாதம், 1,05,000 யென். அது இல்லாமல் பட்டினி கிடக்கவில்லை. அந்தப் பணத்தை வைத்து நீங்கள் ஒன்றும் மாளிகை கட்டப்போவதும் இல்லை. இந்த வாரம் மகளுக்கு ஒரு வயது முடிகிறது. அவள் அட்டையில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் நான். அது முதலில் வருகிறது, அவள் பேரோ சிறிது. எல்லாம் சேர்ந்து 15 கட்டம். ஆக, தங்கள் அலுவலகத்திலேயே மணியன் முழுசாக இருக்கிறான், மகளின் வரியில். எட்டாவது முறையாக இருவரும் வருகிறோம். என்னைக் கூப்பிட வேண்டாம், அவளைக் கூப்பிடுங்கள், குடும்பப் பெயர் சொல்லி, 'சாமா' சேர்த்து. நான் எழுந்து வருகிறேன்.

இப்படிக்கு,
சிவசுப்ர