மந்திரி மாறினார், மகஜர் எங்கே?



2025 டிசம்பர் 16-ஆம் நாள் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தம் மந்திரிசபையை மாற்றியமைத்தார். தொழிலாளர் விவகாரங்களுக்குப் பொறுப்பான மனிதவள அமைச்சு ஸ்டீவன் சிம்மின் கையிலிருந்து ஆர். ரமணனின் கைக்கு வந்தது. செய்தி எட்டிய மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஒரே குதூகலம். "நம்மவர் வந்துவிட்டார்!" என்றார் ஒருவர். "இரண்டு வருஷம் ஒரு தமிழ் மந்திரிகூட இல்லாமல் கிடந்தோம், இனி விடிந்துவிடும்" என்றார் இன்னொருவர். பெயர் கூப்பிட்டு முடித்த கிராணியார்கூடப் புன்னகையோடுதான் புத்தகத்தை மூடினார்.

அந்த மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. 2023 டிசம்பர் 12-இல் வ. சிவகுமார் மந்திரிசபையிலிருந்து நீக்கப்பட்டபோது இதே களத்தில் முகம் வாடியவர்கள் நாம். அப்போது கோபிந்த் சிங் டியோ இலக்கவியல் மந்திரியாக வந்தார். இந்தியர் ஒருவர் இருக்கிறாரே என்று ஆறுதல் சொன்னார்கள். ஆயினும் லயத்துக் கஷ்டத்தைத் தமிழில் சொன்னால் தமிழில் கேட்டுக்கொள்ள ஒரு மந்திரி வேண்டும் என்று நாம் விரும்பியதில் தவறு என்ன? தவறில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். தமிழ் மந்திரி இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்த உயர்வு எந்தத் தமிழ் மந்திரியின் காலத்திலும் வரவில்லை. ஸ்டீவன் சிம் காலத்தில் வந்தது. முதன்முதலாகத் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று சட்டம் வந்தது 2013-இல். அதற்கான வேலைகள் நடந்தபோது மனிதவள மந்திரி ச. சுப்பிரமணியம். 1,500 வெள்ளி வந்த 2022 மே மாதம் மந்திரி மு. சரவணன். தமிழர் இருந்தபோதும் உயர்ந்தது, இல்லாதபோதும் உயர்ந்தது. அப்படியிருக்க, நாற்காலியில் இருப்பவரின் இனத்தை மட்டும் பார்த்து விடிவை எண்ணிக்கொண்டிருக்கலாமா?

அந்த நாற்காலியையே சற்றுப் பாருங்கள். 2018 மே மாதத்திற்குப் பின் அதில் அமர்ந்தவர்கள் மு. குலசேகரன், மு. சரவணன், வ. சிவகுமார், ஸ்டீவன் சிம், ஆர். ரமணன். எட்டு ஆண்டு நிறையுமுன் ஐந்து பேர்! ஒரு மந்திரி வந்தால் அவருடைய செயலாளர் வருகிறார், அந்தரங்கக் காரியதரிசி வருகிறார், பழைய கோப்பு அலமாரிக்குப் போகிறது. ஒரு காரியாலயத்தில் நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். லயத்து வீடுகளைப் பற்றி ஒரு மகஜர் கொடுத்திருந்தோம். ஆறு மாதம் கழித்து விசாரிக்கப் போனால், "அது முந்தியவர் காலத்து விஷயம், புதிதாக எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்; தேநீர்கூடக் கொடுத்தார்கள். புதிதாக எழுதினோம். அடுத்த மாற்றம் வந்தது. மூன்றாம் முறையும் எழுதினோம். முகப்பில் மந்திரியின் பெயரை மாற்றியதைத் தவிர அந்த மகஜரில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மந்திரிசபை எப்படி அமைகிறது என்று நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மக்கள் சபையில் 222 இடம். ஆட்சிக்கு 112 தலை வேண்டும். பெரும்பான்மையின் நம்பிக்கை யாருக்கு உண்டு என்று மாமன்னர் கருதுகிறாரோ அவர் பிரதமர். மற்ற மந்திரிகளைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அரசியலமைப்புச் சட்டத்தின் 43-ஆம் விதி சொல்வது இவ்வளவே. அதற்குப் பிறகு நடப்பது தராசுக் கணக்கு. எந்தக் கட்சி எத்தனை தலை கொண்டுவந்தது, சரவாக்கிற்கு எத்தனை, சபாவுக்கு எத்தனை என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். 2020 மார்ச் 1-இல் தேர்தலே இல்லாமல் முஹிடின் யாசின் பிரதமரானதும் அந்தத் தராசினால்தான். பால் ஸ்டோரில் நம் வாளியை நிறுப்பது போலத்தான்; எடை இருந்தால் புத்தகத்தில் ஏறும்.

நம் கெடாவின் எடை என்ன? 2022 நவம்பர் 19-இல் பொதுத்தேர்தல் நடந்தது. வேட்பாளர் ஒருவர் காலமானதால் பாடாங் செராயில் மட்டும் வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது. மந்திரிசபைப் பட்டியல் வெளியானதோ டிசம்பர் 2-இல்! பாடாங் செராய் மக்கள் ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்குமுன்பே நாற்காலிகள் பங்கு போட்டு முடிந்துவிட்டன. கெடாவின் 15 தொகுதிகளில் 14 எதிரணிக்குப் போயின. அரசாங்கப் பக்கம் நின்றது சுங்கைப்பட்டாணி ஒன்றே.

அந்தச் சுங்கைப்பட்டாணியின் உறுப்பினர் டாக்டர் முகமட் தௌபிக் ஜொஹாரி, நாம் மேலே சொன்ன அதே 2025 டிசம்பர் மாற்றத்தில் இளைஞர் விளையாட்டுத்துறை மந்திரியானார். இதைப் பெரட்டுக் களத்தில் எத்தனை பேர் பேசினோம்? ஒருவரும் பேசவில்லை! ரமணனுக்கு ஓட்டுப் போட்டவர்கள் சிலாங்கூரின் சுங்கை பூலோ மக்கள். அடுத்த தேர்தலில் அவர் பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்கு. சுங்கைப்பட்டாணி மந்திரியோ அந்தத் தொகுதியில் ஓட்டுள்ள நம் மக்களிடம் வந்து கையேந்தித்தான் ஆகவேண்டும். நம்முடைய மாலைகள் எல்லாம் இரத்த உறவைத் தேடிப் போகின்றன. ஓட்டு உறவை நாம் மறந்துவிட்டோம்.

மறக்கலாமா? 1955 ஜூலை 27-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது துங்கு அப்துல் ரஹ்மான் நின்று வென்ற தொகுதியின் பெயர் சுங்கை மூடா. ஆம், நம் பக்கத்து மூடா ஆற்றின் பெயர்தான். 52 இடங்களில் 51-ஐ வென்று அவர் அமைத்த மந்திரிசபையில் தொழில் மந்திரி வீ. தி. சம்பந்தன். ஆனால் அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். பால்மரக் காட்டில் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலோர் குடியுரிமை பெறாதவர்கள். மந்திரி நம்மவர், ஓட்டு நமக்கில்லை. இன்று நம் கையில் ஓட்டு இருக்கிறது. இருந்தும் அன்று போலவே, நம்மவர் வந்தாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

சம்பந்தனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்க, குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு சாலைக்கு வந்த காலம் அது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது அவர் தொழில் மந்திரி அல்லர்; சாலைகளும் தபாலும் அவருடைய இலாகா. ஆனாலும் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள் என்றார். பால்வெட்டுத் தொழிலாளி கட்டினான். அந்தப் பணத்தில் தொடக்கத்திலேயே வாங்கிய தோட்டங்களில் ஒன்று நம் கெடாவின் புக்கிட் சிடிம். மந்திரி என்ற மரியாதை அவருக்குக் கதவுகளைத் திறந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கதவுக்குள் கொண்டுபோன பணம் தொழிலாளியின் பணம்.

இன்று நம் காரியங்கள் எந்த மேசையில் கிடக்கின்றன? சம்பளம் மனிதவள அமைச்சில். தமிழ்ப்பள்ளி கல்வி அமைச்சில். அடையாளக் கார்டு இல்லாத பிள்ளையின் கதை உள்துறை அமைச்சில். பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி வேண்டுமென்றால் இளைஞர் அமைச்சுக்கும் அதில் கை உண்டு. வீடு? 1990-இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. முதலாளி கொடுக்கும் வீடு எப்படியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வேலை போன பின் அந்தக் குடும்பம் எங்கே போவது என்று சொல்லவில்லை. 60 வயதில் உளியைக் கீழே வைக்கிறவன் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் வெட்டிய நிரையில் வீடமைப்புக் கம்பெனியின் பலகை நிற்கிறது. அங்கே எழும் வீடு அவன் கைக்கு எட்டாத விலை. இந்த ஒரு கேள்விக்கு வீடமைப்பு அமைச்சும் மனிதவள அமைச்சும் மாநில அரசாங்கமும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். நிலம் மாநில அரசின் கையில் இருப்பதால் அலோர் ஸ்டாரையும் விட்டுவிட முடியாது.

எனவே ரமணனுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாழ்த்தோடு மகஜரையும் சேர்த்து அனுப்புங்கள். மந்திரியின் பெயரை எழுதாதீர்கள்; "மாண்புமிகு மனிதவள மந்திரி" என்று பதவியை எழுதுங்கள். நாளை வேறொருவர் வந்தாலும் அந்தக் கடிதம் அந்த நாற்காலிக்கே உரியது. நகல் ஒன்று சுங்கைப்பட்டாணி உறுப்பினருக்குப் போகட்டும். அந்தத் தொகுதியில் ஓட்டுள்ளவர்கள் முதலில் கையெழுத்திடுங்கள். நாங்கள் உங்கள் வாக்காளர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். தோட்டம் கைமாறுமுன் அதில் உழைத்தவனுக்கு வீடு என்ற ஒரே கோரிக்கை போதும். பத்து கோரிக்கைகளை அடுக்கினால் சுலபமான இரண்டைச் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

எழுதத் தயங்கும் தோழர்களுக்குக் கிராணிமார்கள் எழுதிக் கொடுக்க வேண்டுகிறோம். தோட்டத்து வீடு கிராணிக்கும் நிரந்தரமல்ல. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரசீதைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து, தேதியைக் கிளைப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.