5000 வருசத்து ஊசியாமே!

நம்மூர் அக்குபங்சர் விளம்பரங்களைப் பாருங்க. வைத்தியர் என்ன படிச்சார்னு போடவேண்டிய இடத்துல '5000 ஆண்டு பழமையான சீன மருத்துவம்'னு இருக்கும். அய்யா, பழமை சீனாவோடது. உங்க படிப்பு எங்கே?

சரி, அந்தப் பழமையையே கொஞ்சம் நோண்டுவோம். 1822ல தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்துலேர்ந்து அக்குபங்சரைத் தூக்கிட்டார். இன்னிக்குக் குத்துற மெல்லிய ஊசியும், உடற்கூறு பாத்துக் குறிச்ச புள்ளிகளும் பெரும்பாலும் 1930கள்ல செங் தான்ஆன் பண்ணின சீர்திருத்தம். நம்ம தாத்தா காலம், அவ்ளோதான்.

'மயக்கமருந்தே இல்லாம ஊசி குத்தி ஆபரேஷன் பண்ணினாங்க'ன்னு ஒரு கதை சுத்துதே? 1971ல நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்ல குடல்வால் எடுத்தாங்க. வழக்கமான மரப்பு மருந்து போட்டுத்தான் எடுத்தாங்க. பிறகு வந்த வயித்து உப்புசத்துக்குத்தான் அக்குபங்சர். இதை எழுதினதே அவர்தான்!

வேலையே செய்யாதான்னு கேட்டா, அப்படியும் சொல்லல. 2007ல ஜெர்மனியில 1162 முதுகுவலிக்காரங்ககிட்ட சோதிச்சாங்க. முறைப்படி குத்தினதுல 47.6 சதவீதம் பேருக்கு நல்ல பலன். புள்ளியே இல்லாத இடத்துல சும்மா மேலாக்க குத்தினதுல 44.2. மாத்திரை, உடற்பயிற்சின்னு வழக்கமான சிகிச்சையில 27.4. வலிக்குப் போறவங்க தாராளமா போங்க. ஆனா அந்தப் புள்ளி வரைபடத்தை வெச்சு சாமியாடாதீங்க. சாஃப்ட்வேர்ல இப்படி ரிசல்ட் வந்தா எங்க டெஸ்டிங் டீம் கிழிச்சுத் தொங்கவிட்டுடும்.

எனக்குக் கடுப்பு வேற இடத்துல. நண்பனோட அப்பாவுக்கு சர்க்கரை. நாடி பாத்த ஒருத்தர் 'மாத்திரை எல்லாம் விஷம், நிறுத்துங்க'ன்னுட்டார். மூணே வாரத்துல ஐசியூ. அந்த 'டாக்டர்' படிச்சது ஞாயித்துக்கிழமை வகுப்பு. சீனாவுல இதுக்கு அஞ்சு வருசப் பட்டப்படிப்பு இருக்கு. அதுல உடற்கூறியலும் மேற்கத்திய மருத்துவமும் சேர்த்தே சொல்லித் தர்றாங்க. பழமைக்கு மட்டும் சீனா வேணும், பாடத்திட்டத்துக்கு வேணாமா?

அதனால மக்களே, படுக்குறதுக்கு முன்னாடி வாய்விட்டுக் கேளுங்க. எங்க படிச்சீங்க, எத்தனை வருசம்? நெஞ்சுல குத்துற ஊசி நுரையீரல்ல இறங்கினா என்ன செய்வீங்க? என் மாத்திரையை நிறுத்தச் சொல்வீங்களா?

மூஞ்சி மாறுச்சுன்னா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க.