ஒரு நிமிடம் தமிழில்

ஊரிலிருந்து பாட்டி போனில் பேசினால், இரண்டு வார்த்தைக்குமேல் பேச்சு வராமல் பிள்ளை போனைத் தாயிடம் நீட்டிவிடுகிறது. மும்பைத் தமிழர் வீடுகள் பலவற்றில் காணும் காட்சி இது. பிள்ளைக்குத் தமிழ் புரிகிறது. அவசரத்துக்குச் சொல்தான் கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு விளையாட்டு உதவும். 1989-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டாபூ’வில், அட்டையில் ஒரு சொல்லும் அதன்கீழ் ஐந்து தடைச்சொற்களும் இருக்கும். தடைச்சொற்களைத் தொடாமல், சைகையும் காட்டாமல், தம் அணியினர் அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கும்படி விளக்க வேண்டும். மணல் கடிகாரம் தரும் அவகாசம் ஒரு நிமிடமே.

இதைத் தமிழிலேயே ஆடலாம். பழைய காலண்டர் அட்டையும் கடிகாரத்தின் விநாடி முள்ளும் போதும். ‘அம்மி’ என்று எழுதி, கல், குழவி, அரைப்பது, மசாலா, சமையல் ஆகியவற்றைத் தடுத்துவிட்டால், “கல்யாணத்தில் பெண் மிதிப்பது” என்பார் தாய். மிக்சியை மட்டுமே கண்ட பிள்ளை விழிக்கும். நிமிடம் முடிந்ததும் அதை விளக்கிச் சொல்ல வேண்டும். அங்கேதான் பாடம் ஆரம்பமாகிறது.

இந்தி, ஆங்கிலச் சொற்களுக்கும் தடை போடலாம். அப்போது தந்தையின் குட்டும் வெளிப்படும். டூட்டி, ஷிப்ட், ஓவர்டைம் இல்லாமல் தம் வேலையை விளக்க அவராலும் இயலாது! ஆகவே தோற்ற பிள்ளையைக் கேலி செய்வது தகாது. “தமிழ்கூடத் தெரியலையா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த ஞாயிறு அது விளையாட வராது.

இந்தியும் மராத்தியும் இங்கே சோறு போடும் மொழிகள். அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கிவைத்தால் போதும். ஊரில் போனைப் பிடித்துக் காத்திருக்கும் பாட்டிக்கு, பேரப்பிள்ளையின் தமிழ் ஒரு நிமிடமாவது கிடைக்கும்.